ஏற்காட்டுச் சாலைக்குப் பழைய வண்டிகள்: கம்பெனி ஜாக்கியைச் சரிசெய்வதும் பிரேக்கை மேம்படுத்துவதும்

காபித்தோட்டம்
வணக்கம். மஹிந்திரா சிஜே 3பி ஜீப், பெட்ரோல், நாலு சக்கரத்துக்கும் 9 அங்குல டிரம் பிரேக் (சக்கரத்தோடு சுற்றும் கிண்ணத்துக்குள் ஷூக்கள் விரிந்து பிடிக்கும் வகை), மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் உருளை) காலடித் தளத்துக்குக் கீழே. ஏற்காட்டிலிருந்து அடிவாரம் இறங்கும்போது பாதி கொண்டை ஊசி வளைவுகள் தாண்டியதும் பெடல் ஆழமாகப் போகிறது. அழுத்தினால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. அடிவாரத்தில் அரை மணி நேரம் நின்றால் பெடல் பழையபடி ஆகிவிடுகிறது.

வண்டியோடு வந்த ஸ்க்ரூ ஜாக்கி துருவேறி இறுகிக் கிடக்கிறது. கூட ஒரு பழைய 5 டன் பாட்டில் ஜாக்கி. தூக்குகிறது, ஆனால் நிற்காமல் மெல்ல இறங்குகிறது. இரண்டையும் வேலை செய்யும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் (சுற்றும் தட்டை இருபுறமும் பேட் கவ்வும் வகை) போட்டுவிடலாமா என்றும் யோசனை. எங்கிருந்து தொடங்குவது?

செவ்வாய்ப்பேட்டை லேத்
ஜாக்கியிலிருந்து தொடங்குங்க சார். டிரம்மைக் கழற்ற வண்டியைத் தூக்கித்தான் ஆகணும். உங்க வண்டியில அதுலயே ஒரு ஆபத்து இருக்கு.

சிஜே 3பி-யில ஹேண்ட் பிரேக் பின்சக்கர டிரம்முல இல்ல. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன், பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரிக்கிற பெட்டி) பின்னாடி, பின் ஆக்ஸிலுக்குப் போற புரொப்பல்லர் ஷாஃப்ட்டுல இருக்கு. ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கினா டிஃபரென்ஷியல் (ரெண்டு பின்சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடற கியர்) வழியா அந்தச் சக்கரம் தாராளமா சுத்தும், தரையில இருக்கிற சக்கரமும் உருளும். ஹேண்ட் பிரேக் முழுசா இழுத்திருந்தாலும் வண்டி ஜாக்கியை விட்டு நகர்ந்துடும். கியர்ல போட்டாலும் இதே கதைதான். அதனால தரையில இருக்கிற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை போடணும். முன் ஹப்புல ஃப்ரீ வீல் லாக் (முன்சக்கரத்தை ஆக்ஸில்ல இருந்து பிரிச்சு விடற பூட்டு) இல்லாத வண்டின்னா ஃபோர் வீல்ல போட்டு கியர்லயும் விடுங்க, முன் ஆக்ஸில் பிடிச்சுக்கும். சரிவுல தூக்கவே வேண்டாம்.

நட்டைக் கழற்றும்போது இன்னொண்ணு. இந்த ஜீப்புக்கு இடது பக்கச் சக்கரத்துல இடது மரை. ஸ்டட் முனையில எல் எழுத்து இருக்கான்னு பாருங்க. தெரியாம பைப் போட்டு எதிர்ப்பக்கம் மிதிச்சு ஸ்டட்டை முறிக்கிறது அடிக்கடி நடக்குது.

இப்ப ஸ்க்ரூ ஜாக்கி. சுத்தியலால தட்டி விடுவிக்கப் பார்க்காதீங்க. உடம்பு வார்ப்பிரும்பா இருந்தா கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். முழுசா மண்ணெண்ணெய்ல ரெண்டு நாள் ஊறட்டும். அப்புறம் திருகு கழியை முன்னும் பின்னும் கால் சுத்து, கால் சுத்தா ஆட்டுங்க. வெளிய வந்ததும் பழைய கிரீஸைக் கம்பி பிரஷ்ஷால எடுத்துட்டு மரையைப் பாருங்க. ஜாக்கி மரை சதுரமாவோ தலை தட்டையான சரிவாவோ இருக்கும். தேய்ஞ்சு தலை கூராயிட்டா அந்த ஜாக்கி அலமாரிக்குத்தான், வண்டிக்கு அடியில வேண்டாம். ஸ்க்ரூ நல்லா இருந்து நட் மட்டும் தேய்ஞ்சிருந்தா வெண்கலத்துல புதுசா கடைஞ்சுக்கலாம், அளவு பழைய ஸ்க்ரூவுல இருந்தே எடுக்கணும்.

தலைக்குக் கீழ ஒரு பேரிங் இருக்கும், சிலதுல வெறும் வாஷர். பாதிப் பேர் அதைக் கவனிக்கிறதே இல்ல. அது காய்ஞ்சிருந்தா ஜாக்கி கனமா சுத்தும், கழி வளையும். மாலிப்டினம் (மாலி) கலந்த லித்தியம் கிரீஸ் போடுங்க. பெயின்ட் அடிக்கும்போது மரை, தலையோட வெட்டுப்பகுதி, எடையும் கம்பெனி முத்திரையும் அடிச்ச இடம் மூணையும் டேப் ஒட்டி மறைச்சுடுங்க.

குப்பனூர் ரோடு
துருவுக்கு ஆசிட் போடலாமா அண்ணா?

செவ்வாய்ப்பேட்டை லேத்
வேண்டாம் தம்பி. ஸ்பிரிங், கொக்கி, கெட்டிப்படுத்தின எஃகு எல்லாம் ஆசிட்ல ஹைட்ரஜனை உறிஞ்சி, பின்னாடி பாரம் ஏறும்போது திடீர்னு முறியும். சாதாரண பாகத்துக்கு சலவை சோடா தண்ணியும் பேட்டரி சார்ஜரும் போதும். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சோடா. துருப்பிடிச்ச பாகம் நெகட்டிவ்ல, வேண்டாத இரும்புத் தகடு பாசிட்டிவ்ல, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு படக் கூடாது. பாசிட்டிவ்ல எவர்சில்வர் துண்டு மாட்டவே கூடாது, தண்ணியில விஷமான குரோமியம் இறங்கும். நம்ம ஊர்ல எவர்சில்வர் வெட்டுத்துண்டு எங்க பார்த்தாலும் கிடக்குறதால சொல்றேன். திறந்த வெளியில வச்சுச் செய். இந்த முறையிலயும் ஹைட்ரஜன் வரும், அதனால ஸ்பிரிங்கை இதுலயும் போடாதே. அதுக்குக் கம்பி பிரஷ்தான்.

பழைய இரும்பு
பாட்டில் ஜாக்கி பற்றி.

பாரத்தோடு மெல்ல இறங்குகிறது என்றால் காரணம் மூன்றில் ஒன்று. ராம் (மேலே எழும் தண்டு) சீல் தேய்ந்திருக்கும், அப்போது ராமைச் சுற்றி எண்ணெய் கசிவது வெளியே தெரியும். வெளியே கசிவே இல்லாமல் இறங்கினால் உள்ளே ரிலீஸ் பாலோ (இறக்கும் திருகின் வழியை அடைக்கும் சிறு எஃகுக் குண்டு) டெலிவரி பாலோ (பம்ப் அடித்த எண்ணெய் திரும்பாமல் தடுக்கும் குண்டு) இருக்கையில் சரியாக உட்காரவில்லை. பாரத்தோடு இறங்கும்போது கைப்பிடி தானாக மேலே எழுந்தால் டெலிவரி பால் என்று உறுதியாகச் சொல்லலாம். எழாமல் இறங்கினால் ரிலீஸ் பக்கம் பாருங்கள்.

பிரிப்பதற்கு முன் எண்ணெயை வடித்துவிடுங்கள். மேல் நட்டைத் திருக, அடித்தளத்தைப் பெரிய வைஸில் பிடிக்க வேண்டும். உருளையைப் பிடித்தால் நசுங்கும். ராமை உருவி எடுத்து, பம்ப் பிளஞ்சரையும் ரிலீஸ் திருகையும் கழற்றி, பால்களை ஒவ்வொன்றாக, எது எந்தத் துளையிலிருந்து வந்தது என்று எழுதிவைத்து எடுங்கள். அளவு வெர்னியரில் பாருங்கள். கால் அங்குலம் என்றால் சைக்கிள் பின் ஹப் பால், 3/16 என்றால் முன் ஹப் பால். சைக்கிள் கடையிலேயே கிடைக்கும். துரு புள்ளி விழுந்த பாலைத் திரும்பப் போடாதீர்கள். இருக்கையைச் சரிசெய்ய, பழைய பாலை அதன் மேல் வைத்துப் பித்தளைக் கம்பியால் ஒரே ஒரு தட்டு, மிதமாக. பிறகு அந்தப் பாலை எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள். பலமாக அடித்தால் இருக்கை அகன்று ஜாக்கியே வீணாகிவிடும்.

பழைய ஜாக்கிகளில் ராமின் அடியில் ரப்பர் இருக்காது, தோல் வாஷர் இருக்கும். அதே அளவில் பாலியூரித்தேன் சீல் கிடைத்தால் போடலாம். கிடைக்காவிட்டால் தோலிலேயே செய்யலாம், நன்றாக உழைக்கும். பட்டை போட்டுப் பதனிட்ட 3 மி.மீ. தோல்தான் வேண்டும். குரோமில் பதனிட்டது வடிவம் பிடிக்காது. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து (கொதிநீர் கூடாது, தோல் சுருங்கிவிடும்), லேத்தில் கடைந்த ஆண் பெண் அச்சுக்கு நடுவில் வைத்து இறுக்கி, நிழலில் முழுக்கக் காயவிட்டு, விளிம்பைச் சமமாக வெட்டி, ஓரிரவு ஹைட்ராலிக் எண்ணெயில் ஊறப்போடுங்கள். கிண்ணத்தின் வாய் அழுத்தம் வரும் பக்கம், அதாவது எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும்.

நிரப்ப ஹைட்ராலிக் எண்ணெய், கடையில் 32 நம்பர் என்று கேட்டால் கொடுப்பார்கள். ராம் முழுக்கக் கீழே இருக்க, ஜாக்கியை நேராக நிறுத்தி, நிரப்பும் துளையின் கீழ்விளிம்பு வரை மட்டும். ரிலீஸைத் திறந்துவைத்துப் பத்துப் பதினைந்து முறை பம்ப் அடித்தால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறும். பிரேக் ஆயிலை ஜாக்கியில் ஊற்றினால் அதன் ரப்பர் உப்பும். ஜாக்கி எண்ணெய் பிரேக்கில் ஒரு சொட்டுப் போனாலும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வீல் சிலிண்டர் (சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் உருளை) வரை எல்லா ரப்பரும் உப்பி, பிரேக் விடாமல் பிடிக்கும். இரண்டு வேலையும் ஒரே வாரத்தில் செய்கிறீர்கள், புனலையும் டப்பாவையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனை: ஆக்ஸிலைத் தூக்கி, 2 செ.மீ. கீழே ஸ்டாண்டு வைத்து, ராமில் மார்க்கரால் கோடு போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். கோடு நகரக் கூடாது. நகராத ஜாக்கியை நம்பியும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு.

மலையடி மெக்கானிக்
பிரேக்குக்கு வரேன். டிஸ்க்கைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி, இப்ப இருக்கிற டிரம் ஏன் தோக்குதுன்னு பார்க்கணும்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அடிவாரம் வர்றதுக்குள்ள ஏறக்குறைய 1,100 மீட்டர் இறங்குறோம். ஆள், சாமானோட 1,400 கிலோ வண்டின்னா, அந்த இறக்கத்துல வர்ற சக்தி 48 லிட்டர் பச்சைத்தண்ணியைக் கொதிக்க வைக்கப் போதும். எஞ்சின் பிடிச்சுக்காத பங்கு அத்தனையும் நாலு டிரம்முக்குள்ளதான் சூடா இறங்குது. அதனால ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். மூணு கியர் பெட்டியில அது ரெண்டாவது.

சூட்டுல பெடல் மூணு விதமா கெடும். கல்லு மாதிரி நின்னு வண்டி நிக்கலைன்னா லைனிங் (ஷூ மேல இருக்கிற உராய்வுப் பட்டை) சூட்டுல வழுக்குது. பெடல் ஆழமா போயி, ரெண்டு தடவை பம்ப் பண்ணினா மேல வந்து கெட்டியா நின்னா டிரம் விரிஞ்சு ஷூவை விட்டு விலகிடுச்சு, அதாவது முதல்லயே ஷூ இடைவெளி அதிகம். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி, ஆறினதும் தானா சரியாச்சுன்னா ஆயில் உள்ள கொதிச்சு ஆவியாயிருக்கு. சார் சொல்றதைப் பார்த்தா ரெண்டாவதும் மூணாவதும் கலந்திருக்கு.

பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். டாட் 3 (பிரேக் ஆயிலோட தரம்) புதுசுல 205 டிகிரிக்கு மேல கொதிக்கும், 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்தா 140. டாட் 4 புதுசுல 230, ஈரத்தோட 155. மலையில பனியும் மழையும் மாசக்கணக்குல இருக்கு, மாஸ்டர் சிலிண்டரோ காலடியில தண்ணி தெறிக்கிற இடத்துல. வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா மாத்துங்க, டாட் 4. மூடியோட காத்துத்துளை சேறு அடைச்சிருக்கான்னும் பாருங்க.

இடது பக்கம் இழுக்குதுன்னா வலது பக்கம் பிடிக்கலைன்னு முதல்ல சந்தேகப்படுங்க. வலது முன் டிரம்மைத் திறந்தா வீல் சிலிண்டர் கசிவோ ஹப் கிரீஸ் லைனிங்கில பட்டதோ தெரியும். எண்ணெய் குடிச்ச லைனிங்கை பெட்ரோல்ல கழுவி, சுட்டு எடுத்துத் திரும்பப் போடறாங்க. அது முதல் சூட்டுலயே மறுபடி கசியும். ரெண்டு பக்கமும் ஜோடியா மாத்துங்க. டிரம்முக்குள்ள இருக்கிற பழைய தூசியைக் கம்ப்ரஸர்ல ஊதவே கூடாது. பழைய லைனிங்கில கல்நார் இருக்கும், நுரையீரலுக்குப் போகும். ஈரத்துணியால துடைச்சு, துணியைப் பையில கட்டிப் போடுங்க.

டிரம்மை லேத்துல கடையும்போது ஜோடி ரெண்டும் ஒரே அளவு. கார், ஜீப் டிரம்முக்கு மொத்த விட்டத்துல 1.5 மி.மீ. வரைக்கும்தான். கடைஞ்ச டிரம்முல சாதாரண லைனிங் ஷூவைப் போட்டா நடுவுல மட்டும் படும், ரெண்டு முனையும் படாது. பெடல் வளையற மாதிரி இருக்கும், எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் (லைன்ல இருக்கற காத்தை வெளியேத்தினாலும்) போகாது. இது நிறையப் பேரைக் குழப்பற இடம். தடிச்ச லைனிங் அடிச்சு, ஷூவை டிரம் வளைவுக்கே கடைஞ்சு வாங்கணும். ரிவெட் நடுவுல தொடங்கி முனைப்பக்கம் அடிச்சுட்டுப் போகணும், இல்லைன்னா லைனிங் ஷூவை விட்டு எழும்பி நிக்கும். முனை ரெண்டையும் சரிவா ராவிடுங்க, கத்தாது. நீள லைனிங் இருக்கிற ஷூ முன்பக்கம் வரணும்.

அட்ஜஸ்ட்மென்ட்: கீழ ஆங்கர் பின் (ஷூவோட கீழ்முனை நிக்கிற ஊசி), மேல கேம் (ஷூவைத் தள்ளுற கோணல் வட்டு), ரெண்டுமே திருகினா நகரும். ஃபீலர் கேஜ்ல (இடைவெளி அளக்கற மெல்லிய தகடு) கீழ்முனை 0.005 அங்குலம், மேல்முனை 0.008 அங்குலம். மேல் கேமை மட்டும் திருகிட்டு விடறதாலதான் பாதி ஜீப்புல பெடல் ஆழமா போகுது. பெடல்ல அரை அங்குலம் வெத்து ஆட்டம் கட்டாயம். அது இல்லைன்னா மாஸ்டர் சிலிண்டரோட திரும்பு துளை மூடியே இருக்கும், ஆயில் சூடாகி விரியும்போது பிரேக் தானா இறுகும்.

குப்பனூர் ரோடு
இவ்வளவு செய்யறதுக்கு முன் டிஸ்க் போட்டா முடிஞ்சுதே அண்ணா? டிஸ்க் சீக்கிரம் ஆறும், தண்ணியில நனைஞ்சாலும் பிடிக்கும். டிரம்மைக் கட்டிக்கிட்டு ஏன் கஷ்டப்படணும்?

மலையடி மெக்கானிக்
ஆறும்ங்கறது உண்மை தம்பி. ஆனா டிஸ்க் மட்டும் தனியா மாறாது, கூடவே நாலு மாறணும்.

டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டர் வாயில ஒரு வால்வு இருக்கும், லைன்ல 10 பி.எஸ்.ஐ. சுமார் அழுத்தம் நிறுத்தி வைக்கும். அதை எடுக்காம டிஸ்க் மாட்டினா பேட் எப்பவும் உரசி, அடிவாரம் வர்றதுக்குள்ள டிஸ்க் நீலம் பாஞ்சுடும். முழுசா எடுத்துட்டாலும் இந்த ஜீப்புல ஆகாது. மாஸ்டர் சிலிண்டர் காலிப்பரை (பேடை டிஸ்க்குல அழுத்தற பாகம்) விடக் கீழ இருக்கறதால ஆயில் திரும்பி வடிஞ்சு, முதல் மிதியில பெடல் காலியா போகும். முன் லைனுக்கு 2 பி.எஸ்.ஐ. வால்வு, பின் டிரம் லைனுக்கு 10 பி.எஸ்.ஐ. வால்வு, தனித்தனியா போடணும்.

அடுத்தது கால் பலம். டிரம்முல ஷூ தானே சுழற்சியில இறுகிக்கும், டிஸ்க்குல அது இல்ல. அதே பெடலுக்கு அதிக அழுத்தம் தேவை. அதைத் தெரியாம பெரிய மாஸ்டர் சிலிண்டர் போடறாங்க, அது நேர் எதிர். 7/8 அங்குலத்துல இருந்து 1 அங்குலத்துக்குப் போனா பரப்பு 30 சதவீதம் கூடுது, அதே மிதிக்கு அழுத்தம் சுமார் 23 சதவீதம் குறையுது. சர்வோ (எஞ்சின் வேக்குவத்தால கால் பலத்தைக் கூட்டற கருவி) வச்சாத்தான் சரி. டீசல் எஞ்சின் மாத்தின ஜீப்புல மேனிஃபோல்டு வேக்குவம் கிடையாது, வேக்குவம் பம்ப் இருக்கற ஆல்டர்னேட்டர் வேணும்.

மூணாவது, பேட் தேயத் தேய ஆயில் காலிப்பருக்குள்ள இறங்கும், பழைய சின்ன டப்பா பத்தாது. நாலாவதை யாரும் பார்க்கறதில்ல: ஸ்டெப்னி காலிப்பர்ல இடிக்குதான்னு முன்னாடியே மாட்டிப் பார்க்கணும். நடுமலையில பஞ்சர் ஆகி, மாத்துச் சக்கரம் ஏறலைன்னா வழியே இல்ல.

இந்த ஜீப்புக்கு என் யோசனை 11 அங்குல டிரம். விட்டம் 9-ல இருந்து 11 ஆனா அதே அழுத்தத்துக்கு 22 சதவீதம் கூடுதல் பிடி, சூட்டைத் தாங்கற இரும்பும் அதிகம். பேக் பிளேட்டோட செட்டா மாத்துங்க. முன் பின் ரெண்டுமா மாத்தணும். பின்னால மட்டும் மாத்தினா ஈரத்துல பின்சக்கரம் முதல்ல லாக் ஆகி வண்டி சுத்தும்.

இதைவிட முக்கியம் ரெட்டை மாஸ்டர் சிலிண்டர். இப்ப ஒரே லைன், ஒரு ஹோஸ் வெடிச்சா நாலு சக்கரமும் போச்சு. டிரம் அப்படியே இருக்கட்டும், முன் லைன், பின் லைன் பிரிச்சாலே பெரிய பாதுகாப்பு.

மைனர் 1000
மோரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்குச் சில குறிப்புகள்.

இதன் ஜாக்கி பக்கவாட்டில் சொருகித் தூக்கும் தூண் வகை. ஒரு பக்கச் சக்கரம் இரண்டும் ஒன்றாக எழும். ஜாக்கியை எவ்வளவு அழகாகப் புதுப்பித்தாலும், அது சொருகும் குறுக்குச் சட்டத்தின் முனை துருவில் உள்ளே பொடிந்திருந்தால் தளத்தைக் கிழித்துக்கொண்டு மேலே வரும். ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். இறங்கினால் வெல்டிங் வேலை முடியும்வரை அந்த ஜாக்கியைத் தொடாதீர்கள். பின் ஆக்ஸிலில் ஸ்பிரிங் பக்கம், முன்பக்கம் கீழ் ஆர்முக்கு அடியில் பாட்டில் ஜாக்கி வைத்துக்கொள்ளலாம்.

முன் டிரம்மில் சக்கரத்துக்கு இரண்டு வீல் சிலிண்டர், இரண்டு அட்ஜஸ்டர். டிரம் துளையைச் சுற்றிக் கொண்டுவந்து இரண்டையும் திருக வேண்டும். 1962 கடைசியில் 1098 சிசி எஞ்சினோடுதான் முன்பக்கம் 8 அங்குல டிரம் வந்தது, அதற்கு முந்தியவை 7 அங்குலம். மலைக்குப் போகும் 7 அங்குல வண்டிக்கு 8 அங்குலமே நல்ல முதல் படி.

மாஸ்டர் சிலிண்டரைக் கழற்ற டார்ஷன் பார் (முன் ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) குறுக்கே நிற்கும், போல்ட் வெளியே வராது. ஒருமுறை பாரை இறக்கிக் கழற்றியபின், மாட்டும்போது போல்ட்டை எதிர்த்திசையில் சொருகிவிட்டால் அடுத்த தடவை பாரைத் தொட வேண்டியதில்லை.

சங்ககிரி லாரி
லாரிக்காரங்களுக்கும் ரெண்டு வார்த்தை. பழைய பெட்ஃபோர்டு, காமெட் மாதிரி வேக்குவம் சர்வோவோட ஆயில் பிரேக் இருக்கிற வண்டிக்கு: எஞ்சினை நிறுத்தி, பெடலை நாலஞ்சு தடவை மிதிச்சு வேக்குவத்தைக் காலி பண்ணுங்க. பெடலை மிதிச்சபடியே எஞ்சின் ஸ்டார்ட். பெடல் கொஞ்சம் கீழ இறங்கணும். இறங்கலைன்னா சர்வோ வேலை செய்யல. ஹோஸ் உள்பக்கம் ஒட்டிக்கிச்சா, நான்ரிட்டர்ன் வால்வு மாட்டிக்கிச்சா, டயஃப்ரம் கிழிஞ்சுதான்னு அந்த வரிசையில பாருங்க. வெளிய எங்கயும் கசிவில்லாம பிரேக் ஆயில் மட்டும் குறைஞ்சுக்கிட்டே வந்தா, அது சர்வோவுக்குள்ள போகுது. உடனே பிரிக்கணும்.

ஜாக்கி ஆக்ஸில்ல யு போல்ட் பக்கத்துல. அடியில 5 செ.மீ. தடிப்புல அகலமான கெட்டி மரப்பலகை. வெள்ளைக்கல்லோ கருங்கல்லோ செங்கல்லோ வைக்கக் கூடாது, பாரம் ஏறி வெடிச்சா சொல்லாம கொள்ளாம வெடிக்கும். தலைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல இரும்புத் துண்டும் வேண்டாம், வழுக்கும்.

காபித்தோட்டம்
மிக்க நன்றி எல்லோருக்கும். முதலில் லைனிங், டிரம், ஹோஸ், ஆயில். அடுத்து ரெட்டை மாஸ்டர் சிலிண்டர். 11 அங்குலம் பிறகு என்று வைத்துக்கொள்கிறேன். வண்டிக்கு 50 வயது தாண்டிவிட்டது. விண்டேஜ் பதிவுக்குப் போனால் பிரேக் மாற்றம் இடைஞ்சலா?

பழைய இரும்பு
2021-இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, சொந்த உபயோக இரண்டு, நான்கு சக்கர வண்டிகளுக்கு அந்தப் பதிவு. சேஸி, பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கிறது. அதனால் டீசல் எஞ்சின் ஏற்றிய ஜீப்புக்குச் சிக்கல். பிரேக் வேலையில் சேஸியை வெட்டாமல், வெல்டிங் செய்யாமல், இருக்கும் போல்ட் துளைகளிலேயே பிராக்கெட் போட்டு மாட்டுங்கள். கழற்றிய பாகங்களை எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்துங்கள். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். ஒன்று கவனியுங்கள்: அந்தப் பதிவில் வண்டியை அன்றாட ஓட்டத்துக்குப் பயன்படுத்த முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் போடுவது போன்றவற்றுக்குத்தான். எஸ்டேட் வேலைக்கு ஓடும் வண்டி என்றால் சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொள்வதே சரி.

மலையடி மெக்கானிக்
ஹோஸ் பத்தி ஒண்ணு விட்டுப்போச்சு. பழைய ரப்பர் ஹோஸ் வெளிய நல்லா இருந்தாலும் உள்ள உப்பி அடைச்சுக்கும். மிதிச்சா அழுத்தம் போகும், விட்டா ஆயில் திரும்பாது, அந்தச் சக்கரம் பிடிச்சபடியே நிக்கும். அப்படி நிக்கும்போது நிப்பிளை (ஏர் எடுக்கற சின்னத் திருகு) தளர்த்தினா சக்கரம் விடும். ஆனா ஹோஸுக்கு மேல, மாஸ்டர் பக்கம் யூனியனைத் தளர்த்தினா விடாது. அப்ப ஹோஸ்தான். எல்லா ஹோஸையும் சேர்த்து மாத்துங்க, செப்பு வாஷரும் புதுசு.

ஏர் எடுக்கற வரிசை மாஸ்டருக்குத் தூரமானதுல இருந்து: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். அப்புறம் புது லைனிங்கோட நேரா மலைக்குப் போகாதீங்க. சமதரையில 40 கி.மீ. வேகத்துல இருந்து 10-க்கு, மிதமா இருபது தடவை, நடுவுல ஆற விட்டு. அடுத்த நாள் ஆறின டிரம்முல இடைவெளியை மறுபடி ஃபீலர் கேஜ்ல பாருங்க, லைனிங் உட்கார்ந்திருக்கும், கேமை ஒரு துளி திருக வேண்டி வரும். முதல் இறக்கத்துல பாதியில அகலமான இடமா பார்த்து நிறுத்தி, கையை டிரம் பக்கத்துல காட்டுங்க, தொடாதீங்க. நாலும் ஏறக்குறைய ஒரே சூடா இருக்கணும். ஒண்ணு மட்டும் ஆறிக் கிடந்தா அந்தச் சக்கரம் வேலை செய்யல, ஒண்ணு மட்டும் அனலா இருந்தா விடாம பிடிக்குது.

காபித்தோட்டம்
சரிங்க. டிரம் நாலையும் கழற்றி அளந்துவிட்டு அளவோடு வருகிறேன்.